நைனா குடித்த டீயும் ஏறாத படிகளும்

டீயை அந்தக் கருவியில் வைத்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், சும்மா இருக்க முடியாததுதான் காரணம். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. அங்கே தரம் பார்க்கும் லேபில் எனக்கு வேலை. ஜூன் மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை வரிசையாக நின்றிருந்தன. அடுத்த சாம்பிள் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. மேஜைமேல் காகிதக் கப்பில் பாதி டீ. பக்கத்தில் இனிப்பை அளக்கும் கருவி. உள்ளங்கையில் அடங்கும், மேலே சின்னதாக ஒரு கண்ணாடிக் குழி. அதில் ஒரு சொட்டுக் கூழ் விட்டுப் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு இனிப்பு என்று எண் காட்டும். நாளெல்லாம் நான் செய்வது அதைத்தான். அன்றைக்குக் கூழுக்குப் பதிலாக டீயை ஒரு சொட்டு விட்டேன்.

வந்த எண்ணை நம்பாமல் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே எண். காலையில் வந்த மாம்பழக் கூழுக்கும் எங்கள் கேன்டீன் டீக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பாலில் இருப்பதும் அந்த எண்ணில் சேர்ந்துவிடும், அதைக் கழிக்க வேண்டும் என்று படித்த புத்தி சொன்னது. சரி என்று பாலை மட்டும் தனியாக வைத்துப் பார்த்துக் கழித்தேன். அப்படியும் மிஞ்சியது அதிகம்தான்.

முதலில் சிரிப்பு வந்தது. லேபில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள், ஒருத்தி தன் கூல்டிரிங்கைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் முறை முடிவதற்குள் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நைனா ஞாபகம் வந்துவிட்டது.

நைனா, அதாவது என் அப்பா, தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வேலூரில் எடுத்தால் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி. திருப்பதியில் எடுத்தால் அதே வழியில் வேலூர். பஸ் நிற்கிற இடமெல்லாம் அவருக்கு ஒரு டீ. கடைக்காரர்கள் அவர் தலையைப் பார்த்ததுமே சர்க்கரை டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். பாகாலாவில் ஒரு கடையில் அதற்குக் 'கண்டக்டர் டீ' என்றே பெயர். வேறு யாராவது அதைக் கேட்டால் "உங்களுக்குத் தாங்காது" என்பாராம் கடைக்காரர்.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"நைனா, நீ குடிக்கிறது டீ இல்ல. மாம்பழ ஜூஸ். சூடா குடிக்கிறே, அவ்ளோதான்."

"கம்பெனில இதான் வேலையா பாப்பா? டீய வச்சு ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறே?"

"நெஜமா சொல்றேன். வச்சுப் பாத்தேன்."

"அப்போ நல்லதுதானே. மாம்பழம் ஒடம்புக்கு நல்லது."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அவருகிட்டப் போயிப் பேசறே பாரு. டிக்கெட் எடுக்காதவன்கிட்டயே பேசி ஜெயிச்சவரு."

ஜெயிக்கட்டும். என்னை விரட்டியது டீ இல்லை, அவர் கால். அவருக்குச் சுகர் இருப்பது பல வருஷமாகத் தெரியும். மாத்திரை போடுகிறார். மாத்திரை போட்டால் மீதி எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்பது அவர் எண்ணம். ஆனால் பாதம் எரிகிறது என்பார், பிறகு மரத்துப்போகிறது என்பார், அப்புறம் எதுவும் சொல்லமாட்டார். அந்த ஏப்ரலில் ஒருநாள் ஓடுகிற பஸ்ஸில் அவர் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை டிக்கெட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பின்சீட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள், "கண்டக்டரே, உங்க செருப்பு இங்கயே கெடக்குது." ஒற்றைச் செருப்போடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. இதை அவர் வீட்டில் ஜோக்காகத்தான் சொன்னார். செருப்புக்கு டிக்கெட் போடாமல் விட்டதால் இறங்கிவிட்டதாம். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புரட்டாசி மாதத்தில் ஏதாவது ஒரு சனிக்கிழமை, அலிபிரியிலிருந்து திருப்பதி மலைக்குப் படியேறுவோம். நைனாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு முட்டிவலி, அவள் பஸ்ஸில் மேலே வந்து சேருவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். நான் களைத்துப்போய் உட்காரும்போதெல்லாம் அவர் தன் ரூட்டைச் சொல்வார். முதல் இளைப்பாறலில் "வேலூர் தாண்டியாச்சு, காட்பாடி, காட்பாடி" என்று டிக்கெட் கூப்பிடுகிற குரலில் கத்துவார். ஏறிக்கொண்டிருக்கிற தெலுங்குக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் மேலே போனால் கிறிஸ்டியான்பேட்டை. அப்புறம் நரஹரிபேட்டை. சித்தூர் வந்துவிட்டது என்றால் காலி கோபுரம் தெரிகிறது என்று அர்த்தம், செங்குத்தான ஏற்றம் முடிந்தது என்று அர்த்தம். படியெல்லாம் அவருக்குத் தார் ரோடு. வீட்டில் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பஸ்ஸில் நாளெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வருகிறவருக்கு எங்களிடம் பேச மிச்சம் இருக்காது. படியில்தான் அவர் எனக்கு முழுசாகக் கிடைப்பார்.

இரண்டு புரட்டாசி அப்படியே போய்விட்டது. முதல் வருஷம் லீவு இல்லை என்றார். அடுத்த வருஷம் மழை என்றார். மழை பெய்தது உண்மைதான், ஆனால் நாங்கள் மழையில் ஏறியிருக்கிறோம். மூன்றாவது வருஷத்துக்கு அவர் ஒரு காரணம் தேடுவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வருகிற புரட்டாசிக்குள் அவர் காலைப் படியேறுகிற காலாக்க வேண்டும். டீக்கு வந்த அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: வழி இங்கேயே இருக்கிறது, கப்புக்குள்ளேயே.

ஜூலையில் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா, தெலுங்கு பேசினார். நைனாவின் பாதத்தை மடியில் வைக்காத குறையாகக் குனிந்து பார்த்தார். பிறகு நைலான் நூல் மாதிரி மெல்லிய ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் தொடும்போது தெரிந்தால் 'உந்தி' என்று சொல்லுங்கள் என்றார். 'உந்தி' என்றால் தெலுங்கில் இருக்கிறது. நைனா கண்ணை மூடினார்.

"உந்தி," என்றார். டாக்டர் தொட்டிருந்தார். "உந்தி." அப்போதும் தொட்டிருந்தார். "உந்தி, உந்தி."

டாக்டர் கையைப் பின்னால் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நைனா சரியான இடைவெளி விட்டு மறுபடி "உந்தி" என்றார்.

"தொடவே இல்லையே ஐயா," என்றார் டாக்டர்.

நைனா கண்ணைத் திறந்தார். "சும்மாவே உந்தின்னு சொன்னா விட்டுடுவீங்கன்னு பாத்தேன்," என்றார் தமிழில். டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை. நல்லவேளை.

டாக்டர் அன்று சொன்னதில் எனக்குப் பிடித்தது, அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. போன உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மேலும் போகாமல் நிறுத்தலாம், எரிச்சல் குறையும், காயம் பட்டால் ஆறும். மாத்திரை அதன் வேலையைச் செய்கிறது, ஆனால் ஒரு பக்கம் நீங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது எவ்வளவுதான் இறைக்கும்? சர்க்கரையைக் குறையுங்கள், சோற்றையும் அளவாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். படியேற்றமா? வெறுங்காலோடு கூடவே கூடாது. சர்க்கரை இறங்கட்டும், ஏறுவதற்கு முன்னால் வாருங்கள், காலைப் பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவை அப்படியே எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். எனக்கு எதையும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

"ஏன்டி, ஒரே நாள்ல நிறுத்தினா மறுநாள் அவரு கடையிலயே குடியிருப்பாரு," என்றாள் அம்மா. "ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கறேன். அவருக்குத் தெரியாமலே."

"எனக்குத் தெரியாமலேன்னு என் எதிர்லயே சொல்றே," என்றார் நைனா.

அம்மா சொன்னபடிதான் செய்தோம். நானும் சேர்ந்துகொண்டேன். அவர் ஒருவருக்கு மட்டும் என்றால் அது தண்டனை, மூன்று பேருக்கும் என்றால் வீட்டுச் சமையல். முதல் சில நாட்கள் தலைவலி. எனக்கு வந்த எரிச்சலில் தேங்காய்ச் சட்னியில் உப்பு அதிகம் என்று அம்மாவோடு பெரிய சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அம்மா நடுவில் வெல்லத்துக்கு மாறலாமே, வெல்லம் நல்லதுதானே என்றாள். லேபுக்கு எடுத்துப்போய் வெல்லத்தைக் கரைத்து வைத்துப் பார்த்து, ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று வந்து சொன்னேன். "உன் மிஷினு எந்தப் பண்டத்தையும் விடாது போல," என்றாள்.

அப்புறம் ஒன்று நடந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒருநாள் காலையில் சர்க்கரையே போடாத பாலைக் குடித்தேன், அது இனித்தது. அம்மா மறந்துபோய்ப் போட்டுவிட்டாளா என்று கேட்டேன். போடவில்லை. பாலுக்கென்று ஒரு இனிப்பு இருக்கிறது, இருபத்தைந்து வருஷமாக நான் அதை மூடியே வைத்திருந்தேன். பிறகு வரிசையாக வந்தன: வதக்கிய வெங்காயம், கேரட், மெல்ல மெல்ல வெறும் சோறு. மத்தியானம் லேபில் கண் செருகுவது நின்றது. முகத்தில் பரு குறைந்தது. பசி ஒரு நேரத்துக்கு வந்து ஒரு நேரத்துக்குப் போயிற்று, முன்பு போல நாளெல்லாம் வாசலில் நின்று கூப்பிடவில்லை. நைனா இரவில் அடிக்கடி எழுந்து போவதும், எழுந்தபோதெல்லாம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும் குறைந்தது. "இப்பத்தான் நானும் தூங்கறேன்," என்றாள் அம்மா, யாரோ தனக்கு வைத்தியம் பார்த்த மாதிரி.

எல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது விளம்பரம் ஆகிவிடும்.

நைனா டூட்டி முடித்து வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும். சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற பேக்கரியில் தில்பசந்த் வாங்குவார். வட்டமான ரொட்டி, உள்ளே தேங்காயும் சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும். கால் வாசி பெயர்த்து எனக்குத் தருவார், எனக்குப் பரீட்சை என்றால் பாதி. அந்தக் காகிதம் பிரிகிற சத்தத்துக்கு நான் எந்த அறையிலிருந்தாலும் வந்துவிடுவேன். அவர் "இன்னா பாப்பா" என்பார். நான் "இன்னா நைனா" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான், ஆனால் அது நடந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலை, எல்லாவற்றையும் தாண்டி நடந்தது. சர்க்கரையைக் குறைத்த பிறகு அவர் வெறுங்கையோடு வந்தார். செருப்பை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூடத்தில் நிற்பார், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி. பிறகு டிவி போடுவார்.

வேகவைத்த வேர்க்கடலை வாங்கி வந்து பார்த்தார். வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்தார். நான் ஆர்வமாகச் சாப்பிட்டேன், கொஞ்சம் அதிக ஆர்வமாகவே. அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம்னா வுட்டுடு பாப்பா, உனக்குப் பிடிச்சா துன்றே?" என்றார். வேர்க்கடலை நன்றாகத்தான் இருந்தது. அது தில்பசந்த் ஆகவில்லை, அதற்கு அது என்ன செய்யும்? நான் ஏங்கியது இனிப்புக்கா, அந்தக் காகிதச் சத்தத்துக்கா, கால் வாசி பெயர்க்கும்போது தேங்காய் உதிராமல் அவர் உள்ளங்கையைக் குழித்துக்கொள்வாரே அதற்கா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதற்கு எங்கள் லேபில் கருவி இல்லை.

ஆகஸ்டில் சுகர் டெஸ்ட் எடுத்தோம். இறங்கியிருந்தது, ஆனால் இறங்க வேண்டிய அளவு இல்லை. வீட்டில் எல்லாம் ஒழுங்கு. வேலூரிலும் பாகாலாவிலும் டீக்கடைக்காரர்களை நானே போய்ப் பார்த்துப் பேசியிருந்தேன். பாகாலாக் கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "உங்க நைனாவுக்கு இப்போ சர்க்கரை இல்லாத டீதாம்மா. அதைக் கொடுக்கும்போது எனக்கே மூஞ்சி சுருங்குது," என்றார். சாப்பாட்டு விஷயத்தில் நைனா பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியென்றால் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

திருப்பதியில் ஆபீஸ் வேலையாக ஒருநாள் போனேன். திரும்பும்போது நைனாவின் பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தேன். மலையிலிருந்து இறங்கியவர்கள் பஸ் முழுக்க. மொட்டைத் தலை, சந்தனம், மடியில் லட்டுப் பை. நைனா டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தார். மொட்டையடித்த ஒரு பெரியவர் சில்லறையோடு சேர்த்துக் கொஞ்சம் லட்டையும் பிட்டு நீட்டினார். நைனா டிக்கெட் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினார், இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணில் ஒற்றினார், வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். அங்கே ஒரு அம்மா. அதே மாதிரி வாங்கி, ஒற்றி, வாயில். சந்திரகிரிக் கோட்டை கண்ணுக்குத் தெரிவதற்குள் பாதி லட்டு உள்ளே போயிருக்கும். கல்கண்டு வந்த துண்டை அவர் கொஞ்சம் மெதுவாக மென்றார்.

திருப்பதியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது புரியும். யார் மலைக்குப் போய் வந்தாலும் லட்டைப் பிட்டுப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். வாங்க மாட்டேன் என்று சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலேயே எதிர்வீட்டு அத்தை கொடுத்ததை எத்தனையோ தடவை நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், இந்த ஜூலைக்குப் பிறகும்கூட, அதை இனிப்பு என்றே நினைக்காமல். மாம்பழம், டீ, வெல்லம், கூல்டிரிங் என்று எல்லாவற்றையும் கருவியில் வைத்துப் பார்த்தேன். லட்டை வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இப்போதும் வைக்க மாட்டேன். ஆனால் எங்களுக்கு எப்போதாவது வருவது, அவருக்குத் தினமும், திருப்பதியிலிருந்து திரும்பும்போதெல்லாம், சீட்டுக்குச் சீட்டு வருகிறது.

பாகாலாவில் பஸ் நின்றதும் அவரைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"நைனா, இன்னைக்கு எவ்ளோ லட்டு துன்னே தெரியுமா?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "லட்டா? நான் எங்க துன்னேன்?"

"பஸ்ல. நான் பாத்துக்கினுதானே வந்தேன்."

"அது பிரசாதம் பாப்பா." குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. "பிரசாதத்தைத் துன்றதுன்னு சொல்லுவாங்களா? கண்ணுல ஒத்திக்கினு வாயில போட்டுக்கறது."

"வாயில போட்டப்புறம் அது வயித்துக்குத்தானே போவுது?"

"அவன் ராத்திரியெல்லாம் க்யூவுல நின்னு, மொட்டை போட்டு, எனக்கும் சேத்துக் கொண்டாந்து குடுக்கறான். வேணான்னு சொல்லச் சொல்றியா? அவன் மூஞ்சியப் பாத்து?"

டிரைவர் அண்ணன் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சொல்லு பாப்பா, எனக்கும் சேத்துச் சொல்லு. எனக்குச் சுகர் இல்ல, கொலஸ்ட்ரால்தான். நெய் லட்டு," என்றார்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மலைக்குப் போகமுடியாத இந்த இரண்டு வருஷமும் மலை அவரிடம் வந்துகொண்டிருந்தது, சீட்டுக்குச் சீட்டு, ஒவ்வொரு துண்டாக. அதைப் பிடுங்கிக்கொண்டு அவர் கையில் என்ன கொடுப்பேன், வேர்க்கடலையா? நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "உனக்கு இந்தப் புரட்டாசி ஏறணுமா, வேணாமா? ஏறணும்னா நீயே ஒரு வழி சொல்லு."

பஸ் எடுக்க நேரமாயிற்று. அவர் விசிலை ஊதிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.

ஒரு வாரம் கழித்து அவரே சாப்பிடும்போது சொன்னார். "ஒரு பூந்தி."

"இன்னாது?" என்றாள் அம்மா.

"யாரு குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஒத்திக்கறேன். ஒரே ஒரு பூந்திய எடுத்து வாயில போட்டுக்கறேன். மீதிய அடுத்த சீட்டுக்குக் குடுத்துடறேன். மலைக்குப் போவாதவங்களும் பஸ்ல வராங்கல்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்து நரஹரிபேட்டைல ஏறுன ஒரு ஆயா, டிக்கெட்டோட பிரசாதம் குடுக்கற பஸ்ஸு இதான்னு சொல்லிச்சு. ரிட்டன்லயும் என் பஸ்ஸுலதான் வருவேன்னுது," என்றார். பெருமையை மறைக்க ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு அவர் முகத்தில் அந்தக் களையை நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி நான் கொடுத்த யோசனைகள் எல்லாம் அவர் கையைக் காலியாக்கின. கை காலியாகாத யோசனை அவருடையதுதான்.

புரட்டாசி பிறந்ததும் மறுபடி டாக்டரிடம் போனோம். ரத்தம் கொடுத்து ரிசல்ட் வர மத்தியானமாயிற்று. மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். எதை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நிறுத்தவில்லை, குறைத்தோம் என்றேன். ரத்த அழுத்தமும் ஒரு படி இறங்கியிருந்தது, எடையும் கொஞ்சம்.

பிறகு அந்த நூலை எடுத்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

"உந்தி." குதிகால்.

"உந்தி." பாதத்தின் வெளிப்பக்கம்.

டாக்டர் கட்டைவிரலின் அடியைத் தொட்டார். நைனா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தொட்டார். நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது வளைகிற அளவுக்கு அழுத்தியிருந்தது. நைனா இந்த முறை ஊகித்துச் சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே காத்திருந்தார், ஏதாவது வருகிறதா என்று உள்ளே கேட்டுக்கொண்டு. வரவில்லை. "லேது," என்றார் மெதுவாக. இல்லை என்று.

கட்டைவிரல் அப்படியேதான் இருக்கலாம் என்றார் டாக்டர். எரிச்சல் போயிருக்கிறது, தூக்கம் வந்திருக்கிறது, மற்ற இடத்தில் உணர்ச்சி மேலும் போகாமல் நின்றிருக்கிறது, இவ்வளவும் நல்ல செய்திதான் என்றார். படியைப் பற்றி நான்தான் கேட்டேன். முழுசாக வேண்டாம், ஒரு பகுதி ஏறலாம் என்றார். தடிமனான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முன்னால், ஒவ்வொரு இளைப்பாறலிலும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும். சிவந்திருந்தாலோ கொப்புளம் தெரிந்தாலோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். அவருக்கு வலிக்காது, அதனால் அவரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, நீதான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

சாக்ஸ் என்றதும் நைனாவுக்கு முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. "படிக்கு மஞ்சள் குங்குமம் வச்சிக்கினு ஏறுறாங்க ஜனங்க. அதும் மேல துணிய மாட்டிக்கினு மிதிக்கச் சொல்றியா என்ன? அதுக்கு ஏறாமலே இருக்கலாம்."

நான் உடனே பாதுகாப்பு, புண், ஆறாத காயம் என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைக் கையமர்த்தினாள். நாங்கள் ஏறாத இரண்டு புரட்டாசியும் அவள் மட்டும் பஸ்ஸில் மேலே போய்த் தனியாக நின்றிருக்கிறாள், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க காலு எப்படி ஆச்சுன்னு சாமிக்குத் தெரியாதா?" என்றாள் அவரிடம். "கட்டைவெரலு இல்லன்னு டாக்டருகிட்ட ஒத்துக்கினீங்கல்ல. அங்கயும் ஒத்துக்கினு ஏறுங்க."

மறுநாள் அவர் டூட்டி முடிந்து வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். வெள்ளை சாக்ஸ், இரண்டு ஜோடி. இன்னொரு ஜோடி எதற்கு என்று கேட்டேன். "நான் ஒருத்தன் மட்டும் போட்டுக்கினு ஏறினா நல்லாவா இருக்கும்?" என்றார்.

வருகிற சனிக்கிழமை கிளம்புகிறோம். அவர் லீவு சொல்லிவிட்டார், டிரைவர் அண்ணனுக்கு வேறு கண்டக்டர் வருவார். வெயில் ஏறுவதற்குள் அலிபிரியில் இருக்க வேண்டும். காலி கோபுரம் வரை போகப் பார்க்கலாம் என்பது என் ஆசை. அந்தச் செங்குத்தான பகுதியை நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது, அதனால் அவரிடம் எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றி, போன் லைட்டை அடித்துப் பாதத்தைப் பார்ப்பேன். விரல் இடுக்கு, குதிகால், அந்தக் கட்டைவிரலின் அடி. சிவப்பு இல்லையென்றால் அடுத்த மண்டபம் வரை. இருந்தால் அங்கிருந்தே மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம், அடுத்த மாதம் மறுபடி முயற்சி செய்வோம். புரட்டாசியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நைனாவே சொல்லியிருக்கிறார்.